யாருக்கும் வலிக்காத நிலம்

இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும்போது வீட்டுக்கு வரும் துண்டறிக்கைகளைப் படித்தால் ஒன்று புரியும். கட்சி எதுவானாலும் வீட்டுவசதி பற்றிய வாக்குறுதி ஏறக்குறைய ஒன்றுதான்: முதலில் பிரவுன்ஃபீல்டில் கட்டுவோம், பசுமை வளையத்தைத் தொட மாட்டோம். மூடிய தொழிற்சாலை, கைவிடப்பட்ட எரிவாயு ஆலை, பாழடைந்த கிடங்கு, பழைய ராணுவ முகாம் என்று ஏற்கெனவே ஒருமுறை கட்டடம் எழும்பிய நிலங்களைத்தான் பிரவுன்ஃபீல்டு என்கிறார்கள். நகரங்களைச் சுற்றிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் நிலம்தான் பசுமை வளையம். வயல் வயலாகவே இருக்கும், பாழிடம் உயிர் பெறும், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்கும். இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்மையான வியப்போடுதான் கேட்கிறார்கள்.

நட்டம் உண்டு. அது வீட்டுக்காக வரிசையில் நிற்பவர்களுக்கு. ஏற்கெனவே நெரிசலில் வாழும் ஏழைப் பேட்டைகளுக்கு. அந்த நிலத்தில் இன்னமும் தொழில் செய்து பிழைப்பவர்களுக்கு. பழைய நிலத்தில் வீடு கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. கட்டத்தான் வேண்டும். என் எதிர்ப்பெல்லாம் ‘முதலில்’ என்ற விதியோடுதான். முதலில் இது என்று எழுதி வைத்துவிட்டு, இது முடியும்வரை வேறெதையும் பேசாதே என்று அதைப் பயன்படுத்துகிறார்கள். இது முடிவதே இல்லை. அதனால் மற்றதைப் பற்றிய பேச்சும் தொடங்குவதில்லை.

இதை நாடு ஏற்கெனவே முழு மூச்சோடு செய்து பார்த்துவிட்டது. 1998இல் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட், புதிய வீடுகளில் 60 விழுக்காடு இத்தகைய நிலத்தில் எழ வேண்டும் என்று இலக்கு வைத்தார். 2008 வரை கெடு. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ராஜர்ஸ் தலைமையிலான நகர்ப்புறப் பணிக்குழு 1999இல் அதற்குக் கோட்பாட்டு வலுவும் சேர்த்தது. கெடுவுக்கு வெகு முன்பே இலக்கை எட்டினார்கள். 2010 வரை வீட்டின் பின்புறத் தோட்டமும் பிரவுன்ஃபீல்டு கணக்கில் சேர்ந்தது. தோட்டத்தை வெட்டி இரண்டு வீடு போட்டாலும் இலக்கில் ஏறியது. புதிய வீடுகளில் அடுக்ககங்களின் பங்கு கிடுகிடுவென ஏறி 2008 வாக்கில் பாதியை நெருங்கியது. குழந்தைகளோடு வாழத் தோதான வீடுகள் அந்த அளவுக்குக் குறைந்தன. 1997இல் சராசரி ஆண்டு வருமானத்தைப் போல மூன்றரை மடங்காக இருந்த வீட்டு விலை, 2007இல் ஏழு மடங்கைத் தாண்டியது. உள்ளாட்சி மன்றமான கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் அதே காலத்தில் 10 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 17 லட்சத்துக்குப் போனது. விலையேற்றத்தில் மலிவான வங்கிக் கடனுக்குப் பெரும் பங்கு உண்டு. முழுப் பழியையும் நிலக் கொள்கையின் மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் இலக்கைத் தாண்டி நிறைவேறிய ஒரு கொள்கை வரிசையைக் குறைக்கவில்லை என்பது பதிவான உண்மை. அதையே மறுபடி மருந்தாக நீட்டுபவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்லாமலேயே அடுத்தடுத்த அரசுகள் கொள்கையை இறுக்கின. 2017 முடிவதற்குள் ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் இருக்கும் பிரவுன்ஃபீல்டு நிலங்களைப் பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட தேசியத் திட்டக் கொள்கை, ஊருக்குள் இருக்கும் இத்தகைய நிலத்தில் வீடு கட்ட விண்ணப்பம் வந்தால், பெருங்கேடு விளையாத பட்சத்தில் அனுமதித்தே ஆக வேண்டும் என்கிறது.

இது தரையில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வடக்கு லண்டனின் என்ஃபீல்டு கவுன்சில் பகுதிக்கு வாருங்கள். அதன் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமை வளையம். அது வடக்கிலும் மேற்கிலும், ஹேட்லி வுட் போன்ற செல்வந்தர் குடியிருப்புகளைச் சுற்றி விரிந்து கிடக்கிறது. கிழக்கே லீ ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே தொழிற்பேட்டைகள், இரைச்சல் ஓயாத நார்த் சர்க்குலர் சாலை, 1970களின் தொடக்கத்திலிருந்து குப்பையை எரித்துவரும் எட்மன்டன் ஆலை. எட்மன்டன் நாகபூசணி அம்பாள் கோயிலுக்கு வந்துபோகும் ஈழத் தமிழர்களுக்கு இந்தக் கிழக்குப் பக்கம் பழக்கமானது. அவர்களில் பலர் முதலில் வாடகைக்கு வந்திறங்கிய பக்கமும் இதுதான்.

பிரவுன்ஃபீல்டு எங்கே இருக்கும்? தொழிற்சாலை இருந்த இடத்தில் இருக்கும். தொழிற்சாலை எங்கே இருந்தது? தொழிலாளிகள் வாழ்ந்த இடத்தில். ஆகவே முதலில் பிரவுன்ஃபீல்டு என்ற விதியை ஒரு வரைபடத்தில் விரித்தால் கட்டுமானம் முழுவதும் கிழக்கே போய்க் குவிகிறது. மேற்கு அமைதியாக இருக்கிறது. புதிய வீடுகளோடு வரும் நெரிசல், பள்ளியில் இடப் பற்றாக்குறை, மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் ஏற்கெனவே அவற்றில் மூழ்கியிருப்பவர்கள் தலையில் விழுகின்றன. யாருடைய கெட்ட எண்ணமும் இதற்குத் தேவையில்லை. விதியை அப்படியே கடைப்பிடித்தாலே போதும்.

அந்தக் கிழக்கில்தான் மெரிடியன் வாட்டர் திட்டம். எரிவாயு ஆலையும் தொழிற்கூடங்களும் இருந்த நிலத்தில் 10,000 வீடுகள் என்ற அறிவிப்போடு கவுன்சில் 2010களில் நிலம் வாங்கத் தொடங்கியது. திட்டத்தை நடத்தித் தரப் பெரிய நிறுவனங்களோடு நடந்த பேச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. கடைசியில் கவுன்சிலே தலைமைப் பொறுப்பை ஏற்றது. மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும், வெள்ளத்தைத் தடுக்க வேண்டும், பாலமும் சாலையும் போட வேண்டும். புதிய ரயில் நிலையம் 2019இல் திறந்தது. முதல் குடும்பங்கள் குடியேறியது 2023 வாக்கில்தான். கவுன்சில் சோம்பியிருந்தது என்று சொல்ல மாட்டேன். அரசுப் பணம் கோடிக்கணக்கில் வந்தும், அலுவலர்கள் உழைத்தும் எடுத்த காலம் அது. மெனக்கெட்டு முயன்ற ஒரு கவுன்சிலுக்கே இவ்வளவு காலம் ஆனது என்பதுதான் என் கவலை.

இதற்கிடையில் அதே கவுன்சிலின் பொறுப்பில் ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்தன. 2023இல் வாடகை மலிவான தொலைதூர ஊர்களில் வீடு பிடித்துத் தந்து, வீடற்ற குடும்பங்களை லண்டனுக்கு வெளியே அனுப்பும் கொள்கையைக் கவுன்சில் ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் பள்ளி, அம்மாவின் வேலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமி, வெள்ளிக்கிழமைக் கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டு என்பது அதன் பொருள். இந்தக் குடும்பத்திடம் போய், பொறுத்திருங்கள், முதலில் பிரவுன்ஃபீல்டு என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

அதே என்ஃபீல்டின் வடக்கு ஓரத்தில் குரூஸ் ஹில் என்ற இடம். செடி விற்கும் நர்சரிகளும் கண்ணாடிக் குடில்களும் நிறைந்த பகுதி. அங்கே ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் அது பசுமை வளையம். 2025 செப்டம்பரில் புதிய நகரங்களுக்கான பணிக்குழு பரிந்துரைத்த இடங்களில் அதுவும் ஒன்று; அவற்றில் மிகவும் நம்பிக்கை தருபவை என்று அரசு சுட்டிய மூன்றிலும் அது இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது. எதிர்ப்பவர்களின் முதல் வாதம், பிரவுன்ஃபீல்டு மிச்சமிருக்கும்போது இங்கே ஏன் வருகிறீர்கள் என்பதுதான். அவர்கள் கைகாட்டும் அந்த மிச்ச நிலம் மறுபடியும் எட்மன்டன் பக்கம்தான் இருக்கிறது.

அந்த நிலம் காலியாக இருக்கிறது என்பதும் பெரும்பாலும் கற்பனை. 2001க்கும் 2015க்கும் இடையில் லண்டன் 1,300 ஹெக்டேருக்கு மேல் தொழில் நிலத்தை வேறு பயன்பாடுகளுக்கு இழந்தது. திட்டமிட்ட வரம்பை இது வெகுவாகத் தாண்டிவிட்டதென்று லண்டன் மாநகரத் திட்டமே 2021இல் ஒப்புக்கொள்கிறது. தென் லண்டனின் ஓல்டு கென்ட் ரோடு பகுதியில் ஒரு தொழிற்கூட முற்றத்துக்குள் நுழைந்தால் தெரியும். தகர ஷட்டருக்குப் பின்னால் கார் மெக்கானிக், அடுத்த கதவில் மரவேலைக் கூடம், அதற்கடுத்து உணவகங்களுக்குச் சமைத்து அனுப்பும் கூடம், மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியோடு கூடும் ஆப்பிரிக்கத் திருச்சபை. அந்தப் பகுதி அடங்கிய சதக் கவுன்சில் எல்லையில் மட்டும் கறுப்பின மக்களின் திருச்சபைகள் 240 இருப்பதாக 2013இல் ரோஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு எண்ணிச் சொன்னது. அவற்றில் பல இத்தகைய தொழிற்கூடங்களில் இயங்குபவை. குடியேறி வந்தவர்கள் குறைந்த வாடகையில் கடை போட, பட்டறை வைக்க, சாமி கும்பிட நகரம் விட்டுவைத்திருந்த இடம் அது. வானளாவிய கட்டடங்களுக்காக இந்த இடத்தை எடுத்துக்கொண்டால் மெக்கானிக் எங்கே போவார்? நகருக்கு வெளியே போவார், அல்லது கடையைச் சாத்துவார். அவரிடம் வேலை பார்த்த பையன்களின் வாழ்க்கை எந்தப் பட்டியலிலும் வராது.

மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்த வீடுகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. கட்டடம் நின்ற நிலம் எல்லாமே ஏற்கெனவே கட்டப்பட்ட நிலம்தான். எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் ஹேகேட் குடியிருப்பு என்று ஏறக்குறைய 1,200 கவுன்சில் வீடுகள் இருந்தன. மறுசீரமைப்பு என்று இடித்தார்கள். அந்த இடத்தில் எழும்பிய சுமார் 2,700 வீடுகளில், பழைய கவுன்சில் வாடகைக்கு நிகரான வாடகையில் கிடைத்தவை 80 சொச்சம். வயல் ஒரு அங்குலம்கூடப் போகவில்லை. ஏழைகளுக்கு இருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் போயின.

இயற்கையைக் காக்கத்தான் இந்தக் கொள்கை என்பவர்களுக்குக் கென்ட் மாவட்டத்தின் லாட்ஜ் ஹில்லைக் காட்ட வேண்டும். ராணுவப் பொறியாளர்கள் பயிற்சி எடுத்த பழைய முகாம். ஆள் நடமாட்டம் குறைந்து புதர் மண்டியது. புதருக்குள் நைட்டிங்கேல் பறவைகள் கூடு கட்டின. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வந்து இரவெல்லாம் பாடும் பறவை அது. 1960களிலிருந்து பிரிட்டனில் அதன் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 2012 கணக்கெடுப்பில் லாட்ஜ் ஹில்லில் மட்டும் பாடும் ஆண் பறவைகள் 80க்கு மேல். அடுத்த ஆண்டே அது அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இருந்தும் மெட்வே கவுன்சில் 2014இல் அங்கே 5,000 வீடுகளுக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குச் சொன்ன நியாயங்களில் முதன்மையானது, இது பிரவுன்ஃபீல்டு என்பது. மத்திய அரசு தலையிட்டு விசாரணைக்கு எடுத்தது. கட்டுமான நிறுவனம் 2017இல் பின்வாங்கியது. திட்டம் 500 வீடுகளாகச் சுருங்கிப் பின்னர் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. வீடும் வரவில்லை, ஆண்டுகளும் போயின.

எசெக்ஸின் கான்வி விக் இன்னொரு சான்று. 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காகத் தேம்ஸ் படுகையிலிருந்து அள்ளிக் கொட்டிய மணலும் வண்டலும், கைவிடப்பட்ட தார்த் தளங்களும். அந்தச் சத்தற்ற மண்ணில் பூத்த காட்டுப்பூக்களைத் தேடி, பிரிட்டனில் அருகிவரும் ஷ்ரில் கார்டர் என்ற காட்டுத் தேனீ வகையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூச்சியினங்களும் வந்து சேர்ந்தன. 2005இல் அதையும் காப்பிடமாக்கினார்கள். பக்கத்தில் பூச்சிமருந்தும் உரமும் அடித்து ஒற்றைப் பயிர் விளையும் கோதுமை வயலில் இந்த உயிர்ச்செழிப்பில் ஒரு துளிகூடக் கிடையாது. அந்த வயலைத் தொடாதே, இந்தப் புதரை அழி என்று சொல்வது எந்தச் சூழலியல்?

இனி பணத்துக்கு வருகிறேன். என் வாதத்தின் அடித்தளம் இதுதான்.

பழைய தொழில் நிலம் நஞ்சேறியது. எரிவாயு ஆலை இருந்த இடத்தில் நிலக்கரித் தாரும் பென்சீனும் சயனைடு கழிவும் மண்ணில் ஊறியிருக்கும். அதைத் தோண்டி எடுக்க வேண்டும், எடுத்ததை ஆபத்தில்லாமல் கொண்டுபோக வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நார்த்தாம்ப்டன்ஷயரின் கார்பி நகரம் இருக்கிறது. 1980இல் அங்கே எஃகு உற்பத்தி நின்றது. கவுன்சில் நிலத்தை வாங்கி ஊருக்குப் புதுவாழ்வு தர விரும்பியது. நல்ல நோக்கம்தான். நச்சுச் சேற்றை லாரிகள் ஊர் வழியாகவே ஆண்டுக்கணக்கில் ஏற்றிச் சென்றன. மூடாத லாரிகளிலிருந்து சேறு சாலையில் சிந்தியது, காய்ந்து தூசியாகப் பறந்தது. அந்த ஆண்டுகளில் கர்ப்பமாக இருந்த பெண்கள் சிலருக்குக் கைவிரல்கள் வளராத குழந்தைகள் பிறந்தன. தாய்மார்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் கவுன்சிலின் கவனக்குறைவை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு கவுன்சில் இழப்பீடு தந்து மன்னிப்புக் கேட்டது.

எனவே ஒழுங்காகச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். அதற்கு ஏராளமாகச் செலவாகும். அந்தச் செலவை யார் ஏற்பது? இங்கிலாந்து முறையில் கட்டுமான நிறுவனம் ‘வயபிலிட்டி’ அறிக்கை ஒன்றைக் கவுன்சிலிடம் தரும். நில விலை இவ்வளவு, சுத்தம் செய்ய இவ்வளவு, கட்ட இவ்வளவு, எங்கள் லாபம் இவ்வளவு. ஆகவே குறைந்த வாடகை வீடுகள் இத்தனைதான் தர முடியும் என்று அது சொல்லும். நில விலையைக் குறைக்க முடியாது, லாபத்தைக் குறைக்க மாட்டார்கள், சுத்தம் செய்வதை விட முடியாது. வெட்டுவதற்கு மிஞ்சியிருப்பது ஏழைகளின் வீடு ஒன்றுதான். அதைத்தான் வெட்டுகிறார்கள்.

லண்டனின் பேட்டர்சீ மின்நிலையத்தைவிடப் புகழ்பெற்ற பிரவுன்ஃபீல்டு நிலம் அந்த நாட்டில் இல்லை. 1983இல் மின் உற்பத்தி நின்றது. மலேசிய நிறுவனங்களின் கூட்டமைப்பு 2012இல் 40 கோடி பவுண்டுக்கு வாங்கியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் 636 வீடுகள் குறைந்த விலையில் தருவதாக ஒப்பந்தம். அதுவே ஆறில் ஒரு பங்குகூடக் கிடையாது. 2017இல், செலவு கூடிவிட்டதென்று காட்டி 386 ஆகக் குறைத்தார்கள். வாண்ட்ஸ்வர்த் கவுன்சில் ஒப்புக்கொண்டது. லாபம் கூடினால் பின்னால் மிச்சத்தைத் தரலாம் என்று ஒரு விதி போட்டார்கள். 250 குடும்பங்களின் வீடு ஒரு கணக்குத் தாளில் காணாமல் போனது.

பேட்டர்சீ ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்க முடியாது. லண்டனில் 35 விழுக்காடு வீடுகளைக் குறைந்த விலையில் தந்தால் விரைவு அனுமதி என்ற விதி இருந்தது. கட்டுமானம் படுத்துவிட்டதால் 2025 அக்டோபரில் அரசும் லண்டன் மேயரும் அதைத் தற்காலிகமாக 20 ஆகக் குறைப்பதாக அறிவித்தார்கள். பல்லாண்டுகளாகப் பிரவுன்ஃபீல்டையே நம்பியிருக்கும் மாநகரம் வந்து நிற்கும் இடம் இது. புதிய நகரங்களுக்கான பணிக்குழு தன் பரிந்துரையில் கேட்டது குறைந்தது 40 விழுக்காடு. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

நில விலை அதிகமுள்ள லண்டனிலேயே இந்தக் கதி என்றால், வடக்கே இன்னும் மோசம். பழைய ஆலைகள் மண்டிய ஊர்களில் வீட்டை விற்று வரும் பணம் மண்ணைச் சுத்தம் செய்யவே போதாது. அரசு மானியம் இல்லாமல் அங்கே செங்கல் ஒன்றும் நகராது. மான்செஸ்டர் வட்டாரத்தின் ஒன்பது கவுன்சில்கள் 2024இல் ஏற்ற கூட்டுத் திட்டம் பிரவுன்ஃபீல்டுக்கு முதலிடம் தருவதாகவே எழுதப்பட்டது. அவர்களாலும் அதை மட்டும் வைத்துக் கணக்கை நேர்செய்ய முடியவில்லை. பசுமை வளையத்திலிருந்து ஓரளவு நிலத்தை விடுவித்தே ஆக வேண்டியிருந்தது.

கணக்கைத்தான் எதிர்த்தரப்பு தன் பெரிய ஆயுதமாக எடுக்கிறது. நாட்டுப்புறப் பாதுகாப்புக்காக 1926இலிருந்து இயங்கிவரும் சிபிஆர்ஈ அமைப்பு, கவுன்சில் பட்டியல்களைக் கூட்டிப் பார்த்து 12 லட்சம் வீடுகளுக்கு இடம் இருக்கிறது என்று 2022இல் சொன்னது. பெரிய எண்தான். ஆண்டுக்கு 3 லட்சம் வீடு தேவை என்று அரசு நீண்டகாலமாகச் சொல்லிவந்தது. அதன்படி 12 லட்சம் என்பது நான்கு ஆண்டுத் தேவை. கவுன்சில் திட்டம் போடுவது 15 ஆண்டுக்கு. அதற்கு வேண்டியது 45 லட்சம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு நிலத்திலும் வீடு எழுந்தாலும் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது. பட்டியலில் இருப்பதாலேயே எழுந்துவிடாது என்பதை மெரிடியன் வாட்டர் காட்டிவிட்டது.

இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. பழைய அலுவலகக் கட்டடத்தை வீடாக மாற்றினால் முழுமையான அனுமதி வேண்டாம் என்று 2013இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. கவுன்சில்களின் கையைக் கட்டிப்போட்ட விதி அது. ஹார்லோ நகரத்தின் டெர்மினஸ் ஹவுஸ் 14 மாடி அலுவலகம். அதை 200க்கு மேற்பட்ட சிறு குடியிருப்புகளாக்கினார்கள். சிலவற்றின் அளவு 18 சதுர மீட்டர், அதாவது 200 சதுர அடிக்கும் குறைவு. ஒருவர் வாழ்வதற்கே குறைந்தது 37 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது தேசிய அளவுகோல். கட்டில், அடுப்பு, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் அந்த ஒரே அறையில். லண்டன் கவுன்சில்கள் தங்கள் வீடற்ற குடும்பங்களை அங்கே அனுப்பின. வாட்ஃபோர்டில் ஒரு தொழிற்கூடத்தை 15 குடியிருப்புகளாக்கக் கேட்டபோது, அவற்றில் ஏழுக்குச் சன்னலே இல்லை; அப்படியிருந்தும் சட்டப்படி அனுமதி மறுக்க முடியவில்லை. இப்படி மாற்றப்பட்ட வீடுகளில் தேசிய அளவுகோலை எட்டியவை 22 விழுக்காடுதான் என்று 2020இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். வெளிச்சமும் அளவும் கட்டாயம் என்று அதன்பிறகே விதி வந்தது. ஏழு ஆண்டுகள் மனிதர்களை வைத்துச் சோதித்துவிட்டுக் கற்ற பாடம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றை மட்டும் நான் மதிக்கிறேன். நகரம் கட்டுப்பாடில்லாமல் பரவினால் கார் இல்லாமல் வாழ முடியாது, சாலையும் புகையும் பெருகும், நல்ல விளைநிலம் அழியும் என்கிறார்கள். உண்மைதான். பேருந்தும் கடையும் பள்ளியும் இல்லாத வயல்வெளியில் வீடுகளை மட்டும் கொட்டிவிட்டுப் போகும் வணிகத்தை நானும் எதிர்க்கிறேன். ஆனால் அதற்கு விடை ரயில் நிலையத்தை ஒட்டிக் கட்டுவது. லண்டனுக்குள் வரும் ரயில்கள் பசுமை வளையத்தின் நடுவே எத்தனையோ நிலையங்களில் நின்று வருகின்றன. அவற்றைச் சுற்றிப் பல இடங்களில் குதிரை லாயமும் கோல்ஃப் மைதானமும் இருக்கின்றன. சர்ரே மாவட்டத்தில் வீடுகளைவிட கோல்ஃப் மைதானங்கள் அதிக நிலத்தை எடுத்துக்கொண்டிருப்பதாக லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் பால் செஷயர் 2014இல் எழுதினார். வீட்டுத் தோட்டங்களை விட்டுக் கட்டடங்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு அது; அப்படியிருந்தும் யோசிக்க வைக்கும் கணக்கு.

பசுமை வளையம் என்றதும் காடும் மலர்வெளியும் மனத்தில் வருகின்றன. இங்கிலாந்தில் எட்டில் ஒரு பங்கு நிலம் இந்த வளையத்துக்குள் இருக்கிறது. 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் சுற்றறிக்கை வழியாக நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது. அதற்கு இன்று ஐந்து நோக்கங்கள் சொல்லப்படுகின்றன: நகரம் பரவாமல் தடுப்பது, ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது, நாட்டுப்புறத்துக்குள் நகரம் புகாமல் தடுப்பது, பழமையான நகரங்களின் தோற்றத்தைக் காப்பது, நகருக்குள் பாழ்நிலத்தை மீண்டும் பயன்படுத்த ஊக்குவிப்பது. இவற்றில் எந்த ஒன்றும் பறவையையோ பூச்சியையோ பற்றிப் பேசவில்லை. லாட்ஜ் ஹில் நைட்டிங்கேலைக் காத்தது வேறொரு சட்டம். இயற்கையைக் காப்பதற்கான அந்தச் சட்டங்களை இன்னும் வலுவாக்குங்கள், நான் கூடவே நிற்பேன். வரைபடத்தில் போட்ட ஒரு கோட்டை இயற்கை என்று காட்டி வீடற்றவர்களைத் தடுக்கும்போது மட்டும் கூட நிற்க முடியாது.

நிலம் பழையதா புதியதா என்பதைவிட, நிலத்தின் விலை உயர்வு யார் பையில் போகிறது என்பதே கேள்வி. 1946இன் புதிய நகரச் சட்டத்தின் கீழ் ஸ்டீவனேஜும் அடுத்த ஆண்டு ஹார்லோவும் அறிவிக்கப்பட்டபோது, அரசுக் கழகங்கள் வயலை ஏறக்குறைய வயல் விலைக்கே வாங்கின. வீட்டு மனையாக மாறியதில் கிடைத்த உயர்வு பள்ளிக்கும் பூங்காவுக்கும் குறைந்த வாடகைக்கும் போனது. 1961இன் நில இழப்பீட்டுச் சட்டம், எதிர்காலத்தில் அனுமதி கிடைக்கலாம் என்ற நம்பிக்கைக்கான விலையையும் நில உடைமையாளருக்கே கொடுக்கச் சொன்னது. கவுன்சில் மலிவாக நிலம் வாங்கும் காலம் அதோடு முடிந்தது. ஹார்லோ இதன் இரு முனைகளையும் பார்த்த ஊர். உழைப்பாளிக் குடும்பங்களுக்குத் தோட்டத்தோடு வீடு தரப் பிறந்த நகரத்தின் அலுவலகக் கட்டடத்தில்தான், பின்னாளில் 18 சதுர மீட்டரில் தாயையும் பிள்ளையையும் அடைத்தார்கள்.

கவுன்சிலே கட்டினால் நகருக்குள்ளும் நல்ல வீடு எழும். நார்விச் கவுன்சில் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டில் சுமார் 100 வீடுகளைக் கவுன்சில் வாடகைக்காகவே கட்டியது. குளிர்காலத்திலும் வெப்பமூட்டும் செலவு மிகக் குறைவாக வரும்படி. பிரிட்டனின் உயர்ந்த கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசு 2019இல் அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. இத்தகைய வீடுகளுக்குத்தான் 13 லட்சம் குடும்பங்கள் இங்கிலாந்தில் பெயர் பதிந்து காத்திருக்கின்றன. தற்காலிகத் தங்குமிடங்களில் மட்டும் 1,60,000க்கு மேற்பட்ட குழந்தைகள்.

வழி இப்போது திறந்துதான் இருக்கிறது. 2023இன் சட்டம் ஒன்று, குறைந்த விலை வீடோ பள்ளியோ மருத்துவமனையோ உள்ள திட்டங்களுக்காக நிலத்தைக் கட்டாயமாக வாங்கும்போது, அமைச்சரின் ஒப்புதலோடு அந்த நம்பிக்கை விலையைக் கழித்துவிட்டு வாங்கலாம் என்கிறது. 2024 ஏப்ரல் 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எட்மன்டனின் எரிவாயு நிலத்துக்கும் அது பொருந்தும், குரூஸ் ஹில்லின் கண்ணாடிக் குடில்களுக்கும் பொருந்தும். இரண்டு இடத்திலும் கட்ட வேண்டும். கிழக்கே நஞ்சைத் தோண்டும் செலவை அரசு ஏற்க வேண்டும். அதை ஏழைகளின் வீட்டிலிருந்து பிடிக்கக் கூடாது. வடக்கே நிலத்தை வயல் விலைக்கு வாங்க வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்டு அமைச்சருக்கு விண்ணப்பம் எழுதும் கவுன்சிலைத்தான் வீட்டுவசதியில் அக்கறையுள்ள கவுன்சில் என்று நான் ஏற்பேன்.